நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் கோலி

கம்பெனியின் கால்பந்து கிளப்பை மறுபடி ஆரம்பிக்கிறார்களாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். கிளப் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் நான் 'இனிய நினைவுகள்' என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். எச்.ஆர். பிரிவிலிருந்து பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். கூடவே மலரின் முன்னுரையையும் பழைய சீசன்களில் ஆடியவர்களின் பட்டியலையும் வாட்ஸப்பில் அனுப்பி, "தப்பு இருந்தா திருத்திக் குடுங்க சார்" என்றார்.

பட்டியலைத் திறந்தேன். கடைசி சீசன், ஏ டீம், கோலி: கோ. ராமலிங்கம், டோக்கன் எண் 412. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ராமலிங்கம் மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டியவர். வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. அது போகட்டும், அந்த சீசன் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். மாலை வாங்கிக்கொண்டு சாரம் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பெண் மீது குற்றமில்லை. பழைய படிவத்தில் இருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டியிருப்பார், அது ராமலிங்கம் என்று சொல்லியிருக்கும். அந்த நம்பரைப் படிவத்தில் எழுதியவன் நான். அந்த சீசனில் நான்காவது ஆட்டம் முதல் கோலில் நின்றவன் ஏழுமலை, பிள்ளைச்சாவடிக்காரன். பெயரைத் திருத்துங்கள். டோக்கன் எண் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். ஏன் காலியாக விடவேண்டும் என்பதை எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்காது. இனிப்பாகவும் இருக்காது. போடுவதானால் முழுதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே வேண்டாம்.

எங்கள் கம்பெனி மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி. நான் முப்பத்துமூன்று வருஷம் டைம் ஆபீசில், அதாவது ஆட்களின் வருகைப் பதிவு பார்க்கிற இடத்தில், இருந்தேன். வேலை கற்றுக்கொண்டது என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலில் உட்கார்ந்து முகத்தையும் நம்பரையும் சேர்த்து மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். அப்புறம் யாரைப் பார்த்தாலும் பெயர் வருவதற்கு முன்னால் நம்பர் வந்து நிற்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரை "வாங்க இருநூத்தி ஏழு" என்று கூப்பிட்டு, என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெளியாட்களுக்கு இது வெறும் நம்பர். எங்களுக்கு அப்படியில்லை. டோக்கன் நம்பர் கிடைத்தால் ஆள் பெர்மனென்ட். கேன்டீனில் வரிசையாகத் தட்டுப் பலகை இருக்கும். நம்பர் உள்ளவர்களின் டிபன் கேரியர் அதில் அவரவர் நம்பருக்கு நேராக இருக்கும். கேரியரிலும் அந்த நம்பரை வெட்டி வைத்திருப்பார்கள். கான்ட்ராக்ட் ஆட்களின் கேரியர்கள் கீழே, சுவரோரமாகத் தரையில். யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே வந்த வழக்கம்.

இன்னொரு வழக்கமும் டைம் ஆபீசில் இருந்தது. ஓய்வு பெற்றவரின் நம்பரைப் புதிதாக வருபவருக்குக் கொடுப்போம். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவரின் நம்பரை யாருக்கும் கொடுக்கமாட்டோம். அது காலியாகவே இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும். ஆகவே எங்கள் ரிஜிஸ்டரில் 'காலி' என்று ஒரு நம்பர் இருந்தால், அது செத்தவர் நம்பர் என்று அர்த்தம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெர்சனல் மேனேஜர் ஞானப்பிரகாசம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்தே பிரெஞ்சு பேசுகிற குடும்பம், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தொழிலாளர்கள் அவருக்கு முதுகுப் பின்னால் வைத்த பெயர் 'முசியே', பிரெஞ்சில் 'ஐயா'. எதைப் பேசினாலும் 'போன்' என்று ஆரம்பிப்பார். பிரெஞ்சில் 'சரி, நல்லது' என்று பொருளாம். புதிதாக வந்த டைப்பிஸ்ட் ஒருத்தர் முதல் நாள் அவர் 'போன்' என்றதும் ஓடிப்போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதிரே நிற்பவரை உட்காரச் சொல்லி நான் பார்த்ததுமில்லை. பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். மேஜையில் இருக்கும் பேனாக்களை ஒரே மாதிரி நேராக அடுக்கிக்கொண்டே பேசுவார். முக்கியமாக ஒன்று, எந்த உத்தரவையும் எழுத்தில் தரமாட்டார். வாயாலேயே சொல்வார். அதுவும் கேள்வியாகத்தான் சொல்வார்.

அந்த வருஷம் கிளப்பில் மூன்று டீம். தொழிற்சாலைகளுக்கு இடையே நடக்கும் லீகில் ஏ டீம் முதல் டிவிஷன், பி டீம் இரண்டாவது டிவிஷன். மூன்றாவதாக, முதல் முறையாக, பெண்கள் டீம். வைண்டிங் செக்ஷனில் செம்புக் கம்பி சுற்றுகிற பெண்கள், ஏழு பேர் ஆடும் ஆட்டம். ஏ டீமில் எல்லாம் பெர்மனென்ட் ஆட்கள். பாதிப் பேருக்குத் தொந்தி விழுந்துவிட்டது. இரண்டு ஆட்டம் தோற்றார்கள். மூன்றாவதில் கோலியின் முழங்கால் போனது. பி டீமிலோ பதினோரு பேர் சேரவில்லை.

முசியே என்னைக் கூப்பிட்டார். பேனாக்களை அடுக்க ஆரம்பித்தார்.

"போன். ஃபவுண்டரிக்குப் பின்னால மத்தியானத்துல பசங்க ஆடுறாங்களே, பார்த்திருக்கீங்களா வேணு?"

பார்க்காமல் என்ன? ஃபவுண்டரியில் இரும்பு உருக்கி வார்க்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கான்ட்ராக்ட். சாப்பிட்ட கையோடு கசடு கொட்டிய தரையில் வெறுங்காலோடு ஆடுவார்கள். அதில் கோலியாக நிற்பவன்தான் ஏழுமலை. கசடு குத்தும் தரையிலும் பாய்ந்து விழுவான். எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான்.

"சார், அவங்க கான்ட்ராக்ட். லீக் படிவத்துல டோக்கன் நம்பர் கேக்கிறாங்க. கம்பெனி ஆளா இருந்தாத்தான் ஆடலாம்."

"நம்பர்தானே? உங்க ரிஜிஸ்டர்ல காலி நம்பரே இல்லையா?"

"சார், அது..."

"போன். டைரக்டர் ஃபைனலுக்கு வர்றார்." அவ்வளவுதான். அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார்.

அது என்ன நம்பர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்து கான்ட்ராக்ட் பையன்களை எழுதினேன். பெயர், தகப்பன் பெயர் எல்லாம் உண்மை. டோக்கன் எண் என்ற இடத்தில் மட்டும் இறந்துபோன ஐந்து பேரின் நம்பர்கள். டைம் ஆபீஸ் முத்திரையை ஊதிக் குத்தி, கீழே என் கையெழுத்தையும் போட்டேன். ஏழுமலைக்கு விழுந்தது 412. பி டீமில் ஆடிய மற்ற நான்கு பேரின் பெயர்களையும் பட்டியலில் இப்படியே திருத்தவேண்டும். அன்று எனக்கு அது பெரிய தப்பாகவும் படவில்லை. ஆட்டத்துக்குத்தானே, சம்பளத்துக்கா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது நன்றாகத்தான் நடந்தது, பொய் சொல்லக்கூடாது. நான்கு கான்ட்ராக்ட் பையன்கள் சேர்ந்ததும் பி டீம் விடாமல் ஜெயித்தது. ஏழுமலை கோலில் நின்றபிறகு ஏ டீம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அரைநாள் சனிக்கிழமைகளில் பெண்கள் டீமின் கோலிக்கு எப்படி விழுவது, விழுந்தால் எந்தப் பக்கம் தோள் படவேண்டும் என்று அவன்தான் காட்டிக்கொடுத்தான். பெண்கள் டீமின் கேப்டன் செல்வராணி. வாயும் காலும் ஒரே வேகம். அவள் அடிக்கிற பந்தைப் பிடித்துவிட்டு, "யக்கா, கம்பி சுத்துற கையா இது, கால்ல இம்மாம் பலத்த எங்க ஒளிச்சி வச்சிருந்தீங்க?" என்பான் ஏழுமலை. பெண்களும் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். முசியே ஆட்டத்துக்கு வருபவர்களிடமெல்லாம் ஏழுமலையின் தோளில் கைபோட்டு, "போன், நம்ம பையன்" என்று அறிமுகம் செய்தார். தோளில் கைபோட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் ஏழுமலை என் ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"ணா, ஒண்ணு கேக்கணும். நம்பர் குடுத்துட்டாங்கன்னா பெர்மனென்ட்டுதானே?"

ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவன். என்னைக் கேட்கிறான். டைம் ஆபீஸ் சொன்னால் அது நிஜம் என்று நம்பிக் கேட்கிறான்.

"இது ஆட்டத்துக்குன்னு குடுத்தது ஏழுமலை. மத்தது பாக்கலாம்," என்றேன்.

'பாக்கலாம்' என்ற சொல்லை அவன் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டான். தவறு அவனுடையதில்லை. மறுநாள் கேன்டீனுக்குப் போனேன். தட்டுப் பலகையில் 412க்கு நேரே ஒரு புதுக் கேரியர் இருந்தது. மூடியில் ஆணியால் தட்டித் தட்டி நம்பரை வெட்டியிருந்தான். ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எடுத்துக் கீழே வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேன்டீன்காரர்களும் சொல்லவில்லை. சீசன் முடியும்வரை அந்தக் கேரியர் அங்கேதான் இருந்தது.

அரையிறுதியில் பாட்டில் கம்பெனி டீமை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அவர்கள் அடித்த பெனால்டியை ஏழுமலை இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு மேனேஜர்களும் நடுவரின் மேஜையில் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அவர்கள் மேனேஜர் தட்சிணாமூர்த்தி பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"நானூத்திப் பன்னெண்டா? இது எங்க மச்சான் நம்பராச்சே!"

ராமலிங்கத்தின் மனைவியுடன் பிறந்த தம்பி அவர். எனக்கு அதுவரை தெரியாது. "எங்க அக்கா ஊட்ல அந்தக் கேரியரு இன்னும் கீது சார். அவரு செத்து ரெண்டு வருசமாச்சு. அவரு நம்பர்ல யாரு சார் ஆடுறது?" என்றார். சத்தம் போடவில்லை. முகம் செத்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

லீக் கமிட்டி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. பெரிய மனிதர்கள் எல்லாம் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலையை வெளியே வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். கமிட்டித் தலைவர் முசியேயைக் கேட்டார்: "இந்த ஏழுமலை உங்க பணியாளரா?"

"போன்," என்றார் முசியே. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜையில் நேராக வைத்தார். "இல்லை. கான்ட்ராக்டர் ஆள். எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இது எங்கள் டைம் ஆபீஸ் கிளார்க்கின் கவனக்குறைவு."

ஆற்றைக் கடக்கிறவரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. அந்த மனிதர் ஆற்றைக்கூடக் கடக்கவில்லை, நடுவிலேயே கையை உதறிவிட்டார். நான் எழுந்தேன். "சார், நீங்கதானே சொன்னீங்க, காலி நம்பர் இல்லையான்னு?" என்றேன்.

அவர் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "கேட்டேன். இருக்கான்னு கேட்டேன். எழுதுங்கன்னு சொன்னேனா? எழுத்துல இருக்கா?"

எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இருந்ததெல்லாம் என் கையெழுத்துத்தான். ஏ டீம், பி டீம் இரண்டின் ஆட்டங்களும் ரத்து என்று தீர்ப்பானது. பெண்கள் எல்லோரும் சொந்த நம்பரில் ஆடியவர்கள் என்பதால் அவர்கள் ஃபைனல் மட்டும் உண்டு என்றார்கள். திங்கட்கிழமை முசியே ஒரு தாளை நீட்டினார். 'என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, கம்பெனிக்குத் தெரியாது' என்று டைப் செய்திருந்தது. எனக்கு இன்னும் நான்கு வருஷம் சர்வீஸ் இருந்தது, பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு அவர் மேல் இத்தனை ஆத்திரப்படுகிறேனே, அந்தத் தாளை நினைத்தால் பாதி என் மேலேயே திரும்புகிறது.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஏழுமலைக்கு அதுகூட வரவில்லை. அவன் பேருக்குக் கடிதம் போடவேண்டுமானால் அவன் கம்பெனி ஆளாக இருக்கவேண்டுமே! வேலையை விட்டு நீக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கணக்குப்படி அவன் வேலையிலேயே இல்லை. கான்ட்ராக்டர் ஐந்து பேரையும் திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷம் இரும்பு உருக்கிய மனிதனை அனுப்ப ஒரு துண்டுக் காகிதம் தேவைப்படவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது?

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கேட்டில் வாட்ச்மேன் கூப்பிட்டார். ஏழுமலை வெளியே நின்றான். உள்ளே விடமாட்டார்கள். கேரியர் உள்ளே மாட்டிக்கொண்டதாம். நானே போய்ப் பலகையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன்.

"ணா, ஆடுனதெல்லாம் ஆடலன்னு எழுதிட்டாங்களாமே?"

"ஆமா ஏழுமலை."

"அத்த வுடுங்க. அந்த நம்பரு செத்துப்போனவரோடதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேணான்னு சொல்லியிருப்பேனேணா," என்றான். திட்டவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கேரியரை வாங்கிக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே முசியே பெண்கள் டீமைக் கூப்பிட்டார். நானும் செயலாளர் என்று ஓரமாக நின்றேன். டைரக்டர் வருகிறார், இருக்கிற ஒரு கோப்பையாவது நமக்கு வரவேண்டும், நன்றாக ஆடுங்கள் என்றார்.

"ஆடுறோம் சார். அந்த அஞ்சு பேரையும் திரும்ப வேலைக்கு வுடுங்க," என்றாள் செல்வராணி.

"போன். அது கான்ட்ராக்டர் விஷயம்."

"கோல் தடுக்கிறப்ப கான்ட்ராக்டர் விஷயமா தெரியலியா சார்? தோள்ல கைபோட்டுக்கினு நின்னீங்களே?"

முசியேயின் கை பேனாவில் நின்றது. "இப்படிப் பேசினால் மெமோ கொடுக்க வேண்டியிருக்கும்."

"குடுங்க சார். மெமோ வாங்க எனக்கு நம்பர் இருக்குது."

சனிக்கிழமை ஃபைனலுக்கு ஒருத்தியும் போகவில்லை. எதிர் டீம் பந்தைத் தொடாமலேயே கோப்பையை வாங்கிக்கொண்டது. டைரக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போனார். பெண்கள் அத்தனை பேருக்கும் மெமோ வந்தது. அதை ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தவனும் நான்தான். அவர்கள் ஆசையாக ஆட ஆரம்பித்த முதல் சீசன் அது. நியாயமாக ஜெயித்திருக்கக்கூடிய ஆட்டம். அதை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள், நானோ வேலையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன். கிளப்பை அந்த வருஷத்தோடு மூடினார்கள். இப்போது வந்திருப்பவர்களிடம் 'ஆர்வம் குறைந்ததால் நின்றுபோனது' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மலரின் முன்னுரையில் அப்படித்தான் இருக்கிறது. யாருடைய ஆர்வம் குறைந்தது? மெமோவுக்குக் கையை நீட்டிய பெண்களுக்கா?

சில மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் தட்சிணாமூர்த்தி என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அவரே பேச்சைத் தொடங்கினார்.

"சார், ஒண்ணு தெரியுமா உங்களுக்கு? அந்தப் புள்ள எங்க அக்கா ஊட்டுக்கு வந்தான்."

"யாரு?"

"ஏழுமல. வேலய வுட்டு நிறுத்துன அன்னிக்கு சாயங்காலமே. ஊடு தெரியாம சாரம் பூரா கேட்டுக்கினு வந்திருக்கான். செருப்பக் கழட்டிட்டு வெளியவே நின்னு, 'அம்மா, உங்க ஊட்டுக்காரரு நம்பருன்னு தெரியாம போட்டு ஆடிட்டேன், மன்னிச்சிக்குங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டிருக்கான். எங்க அக்கா உள்ள கூப்புட்டு உக்கார வச்சி காப்பி குடுத்துச்சாம். புகாரு குடுத்தவன் நான் சார். அதக் கேட்டு எனக்கே சோறு எறங்கல."

எனக்கும் அன்று இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் என்று எண்ணினால் முசியே இருக்கிறார், கான்ட்ராக்டர் இருக்கிறார், தெரிந்தே எழுதிய நான் இருக்கிறேன். ஒரு தப்பும் செய்யாத ஒருத்தன் வேலை போன அன்றே வீடு தேடிப் போய்க் கேட்டிருக்கிறான். முசியே இப்போது பிள்ளையோடு பாரிசில் இருக்கிறார், அவருக்குத் தூரம் என்று ஒரு சாக்காவது உண்டு. ராமலிங்கத்தின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. நான் இன்னும் போகவில்லை. காய்கறி வாங்கப் போனாலும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.